வன்னியில் குடும்பத்தோடு வள்ளத்தில் சில நாட்கள்: புதிதாக வருவோருக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இங்கே இவ்வளவு ஆறு இருக்கே, பிள்ளைகளையும் ஏத்திக்கொண்டு ஒரு வள்ளத்தில நாலைஞ்சு நாள் ஆத்தோட போகேலாதோ?" அங்கே ஏரிகளில் துடுப்புப் போட்டுப் பழகிய பிள்ளைகள் நச்சரித்திருப்பார்கள். கேள்வியில் பிழை இல்லை. வரைபடத்தை விரித்தால் வன்னி முழுக்க நீலக்கோடுதான். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, சுண்டிக்குளம் நீரேரியில் போய் விழுகிறது. பேராறு முத்தையன்கட்டு வழியாக நந்திக்கடலுக்கு வருகிறது. பாலியாறு வவுனிக்குளத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மேற்குக் கடலுக்குப் போகிறது. மன்னார்ப் பக்கம் இறங்கும் அருவியாறு 164 கிலோமீற்றர் நீளம். தெற்கே அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர்.

வரைபடத்தில் மாதம் போட்டிருக்காது என்பதுதான் சிக்கல். ஆவணியில் கனகராயன் ஆற்றை மாடுகள் நடந்தே கடக்கும். கார்த்திகை, மார்கழியில் அதே இடத்தில் மருதமரத்தின் அரைவாசி தண்ணீருக்குள் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் வள்ளம் விடத்தக்க ஆறு என்று ஒன்று இருப்பது சில கிழமைகள்தான், அதுவும் துண்டு துண்டாக.

அதனால் என் பதில் எப்போதும் ஒன்றே: போகலாம், ஆனால் ஒரே ஆற்றில் தலையிலிருந்து வாய் வரை போகும் எண்ணத்தை விடுங்கள். குளம், ஆற்றுவாய், கடல்நீரேரி என்று தனித்தனித் தண்ணீர்களை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கு ஒன்றாகக் கோர்த்து, இடைத்தூரத்தைத் தரையால் கடந்து, இரவில் ஊருக்குள் படுத்து எழும்பிப் போவது. இப்படிப் போட்டால் ஒரு கிழமைப் பயணம் சின்னப் பிள்ளைகளோடும் சரிவரும்.

ஓடும் ஆற்றை ஏன் விடச் சொல்கிறேன்

வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும் ஆறு பார்வைக்கு வடிவாக, அமைதியாகத்தான் தெரியும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். எங்கள் ஆறுகளின் கரை முழுக்க மரம். மாரியில் அவை வேரோடு சரிந்து குறுக்கே கிடக்கும். கிளைகளுக்குள்ளால் தண்ணீர் போய்விடும், வள்ளமும் ஆளும் போகமாட்டார்கள். பின்னால் வரும் தண்ணீர் அப்படியே வைத்து அமுக்கும். நீந்தத் தெரிந்தவருக்கும் அதில் தப்புவது கடினம்.

அடுத்தது சப்பாத்துப் பாலங்கள், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய பாலங்கள். அவற்றின் மேலால் தண்ணீர் வழியும்போது கீழ்ப்பக்கத்தில் நீர் திரும்பித் திரும்பிச் சுழலும். விழுந்த பொருளை அது வெளியே விடாது. ஒரு மரக்கட்டையை எறிந்துவிட்டு நின்று பாருங்கள், அதே இடத்தில் உருண்டுகொண்டே இருக்கும்.

மூன்றாவது, வான்கதவு. மேலே குளத்தில் கதவு திறந்தால் கீழே ஆறு உயர்வதற்கு உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யவேண்டும் என்றில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்ந்த ஊர்கள் எப்படி மூழ்கின என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரில் வள்ளம் விடுவது மீட்புக்குப் போகிறவர்களின் வேலை.

மாதத்தைப் பிடியுங்கள்

தைப்பொங்கல் கழிந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. இதைவிட நல்ல காலம் இல்லை. குளங்கள் நிறைந்திருக்கும், நீரேரிகளில் தண்ணீர் போதிய அளவு நிற்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வயல் அறுவடை நடக்கும் காலம் என்பதால் ஊர்களும் கலகலப்பாக இருக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை யோசிக்கவே வேண்டாம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதும் அது எங்கள் பக்கம் திரும்புவதும் இந்த மாதங்களில்தான். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. பாடசாலை விடுமுறை டிசம்பரில் வருகிறது என்பதற்காகப் பயணத்தையும் அங்கே கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஏற்றபடி காற்று மாறாது.

சித்திரையில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடி இறங்கும். திறந்த தண்ணீரில் நீங்கள்தான் உயரமான பொருள் என்பதை நினைவில் வையுங்கள். வைகாசியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்தால் நாள் முழுக்க விடாது. நீரேரிகளும் வற்றத் தொடங்கி, வள்ளத்தை நீங்கள் சுமக்கவேண்டி வரும்.

தை, மாசியிலும் வாடைக்காற்று முற்றாக ஓய்ந்திருக்காது. ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று எழுப்பும் அலை சின்னதாக, நெருக்கமாக, குத்துவதாக இருக்கும். சின்ன வள்ளத்துக்கு அது போதும். ஆகவே வெளிக்கிடும் நேரம் விடியப்புறம், கரைக்கு வரும் நேரம் பதினொரு மணிக்கு முன். இதற்கு விலக்கு வைக்காதீர்கள். "இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்று நீட்டும் அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் காற்று எழும்பும்.

வழி

முல்லைத்தீவுக் கரைப்பக்கம் தொடங்கச் சொல்வேன். உள்ளே முத்தையன்கட்டு, பிறகு கரையோடு வடக்கிலிருந்து தெற்காக நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று நான்கு தண்ணீர்கள் வருகின்றன. ஒன்று நன்னீர்க் குளம், மற்றவை நீரேரிகள். நீரேரிகளுக்கிடையில் தண்ணீர்வழி கிடையாது. வெளியே கடலால் சுற்றிப் போகலாமே என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள், குடும்பத்தோடு அது வேண்டாம். முல்லைத்தீவு – கொக்கிளாய் வீதி அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று கரையோடுதான் போகிறது. ஒரு பட்டா வாகனத்தை (சின்ன லொறி) ஒரு கிழமைக்குப் பேசிக்கொண்டால் சாமானும் ஆட்களும் அதில் போகும். வள்ளத்தை ஒவ்வொரு தண்ணீரிலும் அந்தந்த ஊரிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. சொந்தமாக ஒன்று வாங்கி வீதியால் இழுத்துத் திரிவதில் காசும் சுகமும் போகும்.

முதல் நாள் முத்தையன்கட்டு. பேராற்றை மறித்துக் கட்டிய குளம். தண்ணீர் உப்பில்லை, நீரோட்டம் இல்லை, கட்டு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. பழகுவதற்கு இது போதும். ஆனால் குளங்களுக்கென்று ஒரு குணம் உண்டு: உள்ளே பட்டமரங்கள். காடாக இருந்த நிலத்தில் தண்ணீர் கட்டியதால் அடிமரங்கள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும் கட்டைதான் மோசம், மேலே தெரிவதைவிட. ஒரு பிள்ளையை வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் உட்காரவைத்து, முன்னே பார்ப்பதை அதன் வேலையாகக் கொடுங்கள். உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். கட்டுக்கு எதிரே காட்டோடு சேரும் அலைகரைப் பக்கம் யானை இறங்கும், பின்னேரம் அங்கே போகக்கூடாது. தண்ணீர் திறந்துவிடும் மடையான துருசுக்கும் வான்கதவுக்கும் கிட்டவும் போகக்கூடாது. குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, மீன்பிடி உள்ளூர் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தின் கையில். இரண்டு இடத்திலும் முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் நந்திக்கடல். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதுகிறேன். நான்காம் நாள் ஓய்வு. இந்த ஓய்வுநாளைத் திட்டத்திலிருந்து வெட்டத்தான் எல்லோருக்கும் கை வரும், வெட்டாதீர்கள். காற்று ஒரு நாளைப் பறித்தால் எடுத்துக்கொடுக்க அதுதான் இருக்கிறது. பிறகு நாயாறு ஒரு காலை. சின்ன நீரேரி, அதிகம் மினக்கெட ஒன்றுமில்லை. மீன்பிடித் தொழில் நடக்கும் வாடிகளுக்குக் (கரையோரக் கொட்டில்களுக்கு) குறுக்கே நிற்காமல் சுற்றிவிட்டு வாருங்கள்.

கடைசியில் கொக்கிளாய். பயணத்தில் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது இதுவாகத்தான் இருக்கும். கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் கால்விட்டு நிற்கும் கரை, கூழைக்கடா, நாரை, வந்துசேரும் காலத்தில் பூநாரை. 1951 முதல் இது பறவைகள் சரணாலயம். பறவைக் கூட்டத்தை நோக்கி இயந்திரத்தை விடாதீர்கள். தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் கம்பை அடியில் ஊன்றித் தள்ளி, அதாவது தாங்கி, போனால் அவை எழும்பாமல் இருக்கும், நீங்களும் கன நேரம் பார்க்கலாம். எந்தப் பகுதிக்குள் போகலாம் என்று வனசீவராசிகள் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கே சுண்டிக்குளமும் பறவைகளுக்குப் பேர்போன இடம்தான். ஆனால் அது 2015 முதல் தேசியப் பூங்கா, விதிகள் வேறு. முதற்பயணத்தில் அதைச் சேர்க்காமல் விடலாம்.

"ஆறு என்று ஒன்றுமே இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டால், பேராறு நந்திக்கடலில் விழும் வாய்ப்பகுதி இருக்கிறது. மாரி ஓய்ந்த கிழமைகளில், அங்கேயே தொழில் செய்யும் ஒருவர் கூட்டிப்போனால், தண்ணீர் விடும் அளவுக்கு உள்ளே போய்த் திரும்பலாம். மரநிழல், மீன்கொத்தி, இரண்டு பக்கமும் கை நீட்டினால் படும் பற்றை. போதும்.

ஆளைத் தேடுங்கள், பிறகு வள்ளத்தை

புதியவர்கள் முதலில் வள்ளத்தைப் பார்ப்பார்கள். ஆளைப் பாருங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய், குடும்பத்தோடு ஓரிரு காலை நீரேரியில் போகவேண்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் வருவார் என்று கேட்டால் ஆள் சொல்லுவார்கள். கிராம அலுவலருக்கும் ஒரு சொல் சொல்லிவைத்தால் பின்னுக்கு உதவும். கத்தோலிக்கக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்த பிறகு போய்க் கதைத்தால் ஆறுதலாக இருந்து பதில் சொல்வார்கள்.

பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணை, நாளைக்குக் காலமை பிள்ளைகளோட இறங்கலாமோ?"

"வெள்ளாப்போட வாங்கோ. பத்து மணிக்குப் பிறகு காத்துக்கு நான் பொறுப்பில்லைத் தங்கச்சி. எத்தனை பேர்?"

"பெரிய ஆக்கள் மூண்டு, சின்ன ஆக்கள் ரெண்டு."

"அப்ப ரெண்டு வள்ளம்."

இந்தக் கடைசி வரியைச் சொல்கிறவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். "ஒண்டிலயே ஏத்தலாம், பயமில்லை" என்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

கூலியை முதல்நாளே பேசி முடியுங்கள். அவர் அன்றைய தொழிலை விட்டுவிட்டு வருகிறார். அந்தப் பிடிபாட்டின் பெறுமதி, மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல், அதற்கு மேல் அவருடைய நேரம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் கணக்கு. காற்று எழும்பித் திரும்பவேண்டி வந்தாலும் முழுக்கூலி என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால்தான் அவர் காற்றைப் பார்த்து முடிவெடுப்பார், காசைப் பார்த்து எடுக்கமாட்டார்.

வள்ளம் பைபராக இருந்தால் அடியைத் தட்டிப் பாருங்கள். வெடிப்பை மெழுகிய இடம் தனியாகத் தெரியும், அதில் ஈரம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். துடுப்பு இரண்டு, தாங்குகிற கம்பு ஒன்று, கல்லுக் கட்டிய கயிறு, தண்ணீர் இறைக்க வாய் வெட்டிய கான் ஒன்று. இயந்திரம் இருந்தாலும் இவை இருக்கவேண்டும். தெப்பம் பழக்கப்பட்டவர்களுக்கு, பிள்ளைகளை அதில் ஏற்றவேண்டாம்.

ஏறும் விதமும் இருக்கும் விதமும்

வள்ளத்தின் நடுக்கோட்டில் கால் வைத்து, குனிந்து, இரண்டு விளிம்பையும் பிடித்தபடி ஏறுங்கள். விளிம்பில் மிதித்து ஏறினால் முதலாவது ஆளோடேயே கவிழும். பாரமான சாமானும் பாரமான ஆளும் நடுவில், அடியில். எல்லோரும் இருந்த பிறகு தண்ணீருக்கும் விளிம்புக்கும் இடையில் ஒன்றரைச் சாணாவது இருக்கவேண்டும். இல்லையென்றால் ஒருவர் இறங்கவேண்டும். ஓடும்போது எழும்பி நிற்பது இல்லை. பறவை வந்தாலும் இல்லை, முதலை வந்தாலும் இல்லை.

உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில். பிள்ளைக்குப் பெரியவருடையதைக் கட்டிவிடுவதால் பயனில்லை. தண்ணீருக்குள் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். தரையிலேயே சோதிக்கலாம்: அங்கியைப் பூட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை வந்தால் அது சரியில்லை. சின்னவர்களுக்குக் கால்களுக்கிடையால் வரும் பட்டி உள்ளதாக வாங்குங்கள். வள்ளக்காரரிடம் இருக்கும் என்று நம்பி வராதீர்கள், பயணத்துக்கு முன்பே வாங்கிக் கொண்டுவாருங்கள். கரையில் பூட்டி கரையில்தான் கழற்றவேண்டும், அப்பாவும்தான். வெறும் கானை மூடி இறுக்கிக் கயிற்றில் கட்டிவைப்பது நல்ல பழக்கம், ஆனால் அது அங்கிக்குப் பதிலாகாது.

பெண்கள் சேலை, நீளப் பாவாடை, தோளில் சால்வை என்று ஏறவேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும், இயந்திரத்திலும் சிக்கும். முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் வெயிலுக்கும் நல்லது.

கம்பு தாங்கப் பழகுங்கள்

நீரேரியில் இயந்திரத்தைவிடக் கம்புதான் பயன். பிள்ளைகளும் இதைத்தான் விரும்புவார்கள். வள்ளத்தின் பின்பக்கம் இருந்தோ முழங்காலிட்டோ, கம்பைப் பக்கவாட்டில் நேராக இறக்கி, அடி தட்டியதும் பின்னோக்கித் தள்ளுங்கள். முன்னுக்குக் குத்தினால் வள்ளம் கம்பின் மேலேயே ஏறும். சேற்றில் கம்பு பிடித்துக்கொண்டால் உடனே கையை விடுங்கள். கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் தண்ணீருக்கு மேல் தொங்க, வள்ளம் அவரைவிட்டு நகர்ந்துவிடும். துடுப்பால் திரும்பிப் போய்க் கம்பை எடுக்கலாம்.

கவிழ்வதையும் ஒருமுறை பழகத்தான் வேண்டும். கரையோடு, முழங்கால் தண்ணீரில், வள்ளக்காரர் பக்கத்தில் நிற்க. கவிழ்ந்த வள்ளம் மிதக்கும், எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு அதோடேயே நிற்கவேண்டும். பெயர் சொல்லி எண்ணவேண்டும். நீரேரி பல இடங்களில் இடுப்பளவுதான், ஆனால் கீழே சேறு. காலை ஊன்றி நடக்கப் பார்த்தால் புதையும். வள்ளத்தில் நெஞ்சைச் சாய்த்து, கால்களை மேலே மிதக்கவிட்டு, துள்ளாமல் இருக்கவேண்டும்.

ஒரு நாளின் தூரம்

பழகாத குடும்பம் துடுப்பும் கம்புமாகப் போனால் மணிக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். ஆறு மணிக்கு இறங்கிப் பத்தரைக்குக் கரையேறினால், ஓய்வு, சாப்பாடு, சண்டை எல்லாம் கழித்து எட்டுக் கிலோமீற்றர் வந்தால் நல்ல நாள். திட்டம் போடும்போது ஆறு கிலோமீற்றர் என்று போடுங்கள். காற்றுக்கு எதிராகப் போய்க் காற்றோடு திரும்பும்படி பார்த்துக்கொண்டால் களைத்த நேரத்தில் காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊர்க்கரை ஒன்றில் ஒதுங்கவேண்டும். ஏன் என்று பிள்ளைகளையும் பெண்களையும் கொண்டு போகிறவர்களுக்கு விளங்கும். வெட்டவெளி நீரேரியில் மறைவே கிடையாது. எந்த வீட்டில் அல்லது கோயிலடியில் கழிப்பறை கேட்கலாம் என்று முதல்நாளே விசாரித்துவையுங்கள்.

எந்தக் கரையில் இறங்கி எந்தக் கரையில் ஏறுகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வரவில்லையென்றால் தேடவேண்டும் என்று ஒரு தாளில் எழுதித் தங்கும் வீட்டில் கொடுத்துவிடுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். நோயாளர் காவுவண்டிக்கு 1990, பொலிசுக்கு 119, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117. மூன்றையும் தாளிலும் எழுதுங்கள். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது.

இரவு கரையில் கூடாரம் போடும் யோசனையை இங்கே விட்டுவிடுங்கள். யானை, பாம்பு, நுளம்பு என்று காரணம் நிறைய. முள்ளியவளையிலோ முல்லைத்தீவிலோ தங்கிக்கொண்டு காலையில் வெளிக்கிடலாம், சொந்தக்காரர் இல்லாத ஊர் வன்னியில் எது?

சாப்பாடு, தண்ணீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர் குடிதண்ணீர். நீரேரி உப்பு, குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. ஒரே பெரிய கானில் எல்லாவற்றையும் ஊற்றாமல் ஐந்து லீற்றர்ப் போத்தல்களாகப் பிரித்துவையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றவை இருக்கும்.

காலைக்குப் புட்டு கட்டலாம், ஆனால் தேங்காய்ப்பூப் போட்டது பத்து மணிக்குள் முடியவேண்டும், வெயிலில் புளித்துவிடும். ரொட்டியும் கட்டச்சம்பலும் மத்தியானம் தாண்டியும் நிற்கும். அவித்த முட்டை, வாழைப்பழம், பனங்கட்டி, பொரிவிளாங்காய், பிளாஸ்கில் தேத்தண்ணி. குழம்புச் சாப்பாட்டைக் கரையேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வள்ளக்காரருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவாருங்கள், வலைகளில் மீனைவிட அதுதான் கூட வருகிறது என்று தொழிலாளர்கள் சலித்துக்கொள்வார்கள்.

வலை, முதலை, வெடிபொருள்

நீரேரிகளில் கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகள் நீளத்துக்கு நிற்கும். இறால் கூடுகளும் இருக்கும். அவை ஒருவருடைய அன்றைய உலை. சுற்றிப்போக வழியில்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி, தூக்கி, உரியவரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு கடவுங்கள். சிக்கினால் வெட்டவேண்டாம், ஆறுதலாக இருந்து எடுக்கலாம். வெட்டத்தான் வேண்டி வந்தால் ஆளைத் தேடிப்போய்ச் சொல்லி விலை கொடுக்கவேண்டும்.

முதலை குளங்களிலும் ஆற்றுவாய்களிலும் உண்டு. எந்தத் துறையில் குளிக்கலாம், எதில் கூடாது என்று ஊரவர்களுக்குத் தெரியும், கேட்டால் சொல்வார்கள். பொழுதுபடும் நேரத்தில் தண்ணீர் விளிம்பில் நிற்கக்கூடாது, மீனை அங்கேயே வெட்டிக் குடலை எறியக்கூடாது, வள்ளத்திலிருந்து கையைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு வரக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைகளிடம் பத்துமுறை சொல்லவேண்டியது.

காலில் காயத்தோடு சேற்றிலும் வெள்ளம் வடிந்த தண்ணீரிலும் இறங்கினால் எலிக்காய்ச்சல் பிடிக்கலாம். 2024 டிசம்பரில் மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களையும் எடுத்தது. காயத்தை மூடிக்கட்டுங்கள், பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். பயணம் முடிந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் தண்ணீரில் திரிந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

வெடிபொருளைப் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக உட்காரவைத்துச் சொல்லவேண்டும். போர் முடிந்தது 2009இல், கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் அதன் பிறகும் பல வருடங்களாக நடந்துவருகிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. பலகை இல்லாத கரையிலும் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவோ உதைக்கவோ கூடாது. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் பழையவற்றை மேலே கொண்டுவரும். எதையாவது கண்டால் வந்த காலடியிலேயே திரும்பிவந்து பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழக்கமில்லாத கரையில், ஆட்கள் நடந்த தடம் இல்லாத இடத்தில் ஒதுங்கவே வேண்டாம். நெருப்பு மூட்டக் குழி தோண்டுவதும் வேண்டாம்.

நந்திக்கடல்

கிழக்கே ஒடுங்கிய மணல்திட்டு, அதற்கு அப்பால் கடல். மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். வைகாசி விசாகப் பொங்கலுக்குச் சனம் நிறையும், கடல்நீரில் விளக்கெரியும் கோயில் அது. தெற்கே வட்டுவாகல் பாலம், அதனருகே நீரேரி கடலோடு சேரும் தொடுவாய். ஆழம் குறைவு, இறாலுக்குப் பேர்போனது. காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

தொடுவாய்ப் பக்கம் போகாதீர்கள். மாரியில் வயல்கள் மூழ்கும்போது மணல்திட்டை வெட்டிவிடுவார்கள், அல்லது தானாக உடைத்துக்கொள்ளும். திறந்திருக்கும் தொடுவாயில் நீரேரியின் தண்ணீர் முழுவதும் கடலுக்கு இழுபடும், அந்த இழுவையில் துடுப்பு ஒன்றும் செய்யாது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் காலையில் வள்ளக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி. கரையில் படைமுகாம்கள் உள்ள பக்கங்களில் ஒதுங்கவோ படம் எடுக்கவோ வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மணல்திட்டில்தான் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் இந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள்தான் இன்று உங்களுக்கு வள்ளம் ஓட்டுபவரும், கரையில் தேத்தண்ணி ஊற்றித் தருபவரும். பாட்டுப் பெட்டியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு போகும் இடம் இதில்லை. வள்ளக்காரர் தானாகக் கதைத்தால் கேளுங்கள், கிண்டிக் கேட்காதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், அதற்கு என்ன பதில் என்பதைப் பெரியவர்கள் முதல்நாள் இரவே தங்களுக்குள் கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் எப்படியும் காற்றுக்காலம் என்பதால் பயணம் அங்கே விழாது. விழுந்தாலும் பதினெட்டாம் திகதியை ஒட்டிய நாட்களில் அங்கே வள்ளம் இறக்காதீர்கள்.

முடிந்த பிறகு

கடைசி நாள் பின்னேரம் அங்கிகளையும் கயிறுகளையும் நன்னீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். உப்பு ஏறினால் பூட்டுகள் இறுகிவிடும், வெயிலில் காய்ந்தால் துணி விட்டுக்கொடுக்கும். திரும்ப விமானத்தில் கொண்டுபோகத் தேவையில்லையென்றால் சின்ன அளவு அங்கிகளைச் சங்கத்திலேயே கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த தையில் வரும் குடும்பத்துக்குப் பிள்ளை அளவில் அங்கி தேடுவதுதான் இங்கே பெரும்பாடு.